ஃபார்மலினில் போட்ட ஈப்புலிகள்

சிலந்திகளின் பேச்சைக் கேட்டு அக்கா மகளை மருமகளாக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். வெட்கப்பட வேண்டிய இடம் அதுகூட இல்லை. அந்தச் சிலந்திகள் அதுவரை வாயே திறக்கவில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. விருதுநகரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். மீசை நரைத்த பிறகு முனைவர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும். நான் எடுத்துக்கொண்டது ஈப்புலி. வலை கட்டாத சிலந்தி. சுவரில் நின்று, நாம் நகர்ந்தால் தானும் திரும்பி நம்மையே பார்க்கும். ஈ உட்கார்ந்தால் ஒரே பாய்ச்சல். என் மாணவர்களில் யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மாமா அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். எனக்கு அவர் இரண்டு வழியிலும் மாமா: அம்மாவின் தம்பி, அக்காவின் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் உள்ளே போவேன். பட்டாசுக் கம்பெனியில் அறைகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்டுவார்கள், ஒன்று போனாலும் அடுத்தது நிற்கட்டும் என்று. நடுவில் வெறுந்தரை. புல்லைக்கூடச் செதுக்கிவிடுவார்கள். தீபாவளி சீசன் முடிந்ததும் எல்லா அறைக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சிலந்திக்கு ஒவ்வொரு அறையும் ஒரு தீவு. சுண்ணாம்பு அடிக்கும்போது முக்கால்வாசி செத்துவிடும். தப்பிய ஒன்றிரண்டின் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கூடி அறையை மறுபடி நிரப்பும். அடுத்த வருடமும் அதே கதை. இப்படியே போனால் ஓர் அறைச் சிலந்திகளின் மரபணுவில் வேறுபாடே இல்லாமல் போகும். மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தால், அந்தக் கூட்டம் எப்போது பெருத்தது, எப்போது ஒடுங்கியது என்ற பழங்கதையெல்லாம் தெரிந்துவிடும். ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் இருந்த கல்லூரித் தோழன் வாசித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

அக்காவும் கூட வருவாள், பிடிப்பதில் கெட்டிக்காரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த கை. காலிப் பெட்டியை அரைவாசி திறந்து சுவரில் வைப்பாள், பெருவிரலால் தள்ளுவாள், சிலந்தி உள்ளே. "என்னலே இது, ஒனக்குச் சம்பளம் குடுக்கிறதே இதுக்குத்தானா?" என்று கேட்பாள். பெட்டிகளை வாங்கிவந்து, சிலந்திகள் அழுகாமல் இருக்கக் கல்லூரியில் ஃபார்மலினில் போட்டுவிடுவேன். எங்கள் ஆய்வகத்தில் பாம்போ தவளையோ, செத்தது எதுவானாலும் ஃபார்மலின்தான்.

அந்த வருடம் ஆவணியில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகள் படிப்பை முடித்திருந்தாள். என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்திருந்தான். எங்கள் வழக்கத்தில் இதைக் கேட்கவே வேண்டாம். தாய்மாமன் வீட்டுக்கு முதல் உரிமை. அவள் கேட்டது ஒரு மரியாதைக்கு.

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அக்காவுக்கு இந்த மகளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் நடக்கும் முன்பே போய்விட்டன. அவள் கட்டியதே அம்மாவின் தம்பியை. மறுபடியும் அதே வீட்டுக்குள் முடிச்சுப் போட எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அதனால் சிலந்தியைப் பற்றிப் பேசினேன்.

"ஒரு ரூம்ல ரெண்டே பூச்சி மிஞ்சுதுன்னு வச்சுக்கக்கா. அதுக பிள்ளைக அதுகளுக்குள்ளயே சேந்தா..."

"முட்டை பொரிக்காதாக்கும்?"

"பொரிக்கும். செலது நிக்காது."

அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப எம் பிள்ளைக ரெண்டும் நிக்காமப் போனது அதுனாலதானா?"

"நான் பூச்சியச் சொன்னேங்க்கா."

"பூச்சியத்தான் சொன்னே. டெஸ்ட்டுப் பண்ணிப் பாத்துட்டியா? நல்லாத் தெரிஞ்சிருச்சா?"

அப்போது நான் பாட்டில்களை ஹைதராபாத்துக்கு அனுப்பக்கூட இல்லை.

"தெரிஞ்சிருச்சு" என்றேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவனுக்குத் தெரியாது என்று சொல்ல வராது.

அக்கா எழுந்து போனாள். பொங்கலுக்கு வரவில்லை. நானும் அச்சங்குளம் பக்கம் போகவில்லை. சிலந்திகள் மட்டும் ஹைதராபாத் போயின.

அடுத்த வருடம் தோழன் போனில் கூப்பிட்டான்.

"ஏய்யா, எதுல போட்டு வச்சிருந்தே?"

"ஃபார்மலின்ல."



"நீ விலங்கியல்தானே நடத்துறே? சுத்தமான ஆல்கஹால்ல போடணும்யா. ஃபார்மலின்ல மரபணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் செதஞ்சு போகும். புஸ்தகத்தை எரிச்சு அனுப்பிட்டு உள்ள என்ன கதைன்னு கேக்குறியே. அப்புறம், குஞ்சுச் சிலந்தி நூல விட்டுக் காத்துலயே பறந்து போகும், தெரியுமில்ல? ஒன் தீவையும் கொஞ்சம் யோசிச்சுக்கோ."

அக்காவிடம் பொதுவாகச் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதில் ஆபத்து உண்டு, எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டது தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி. அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. அவர்கள் போனது எதனால் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவள் தலையில் ஒரு பழியைத் தூக்கி வைத்துவிட்டோமே, அதை இறக்கிவிட வேண்டும் என்று அடுத்த நாளே பஸ் ஏறினேன். நல்ல செய்தி கொண்டுபோவதாக வழியெல்லாம் நினைப்பு.

அக்கா மகளுக்குக் காரியாபட்டியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மருந்து மாறியதையும், சிலந்தி ஒன்றுமே சொல்லவில்லை என்பதையும். முறம் நின்றது.

"அப்ப ஒனக்கு ஒண்ணுமே தெரியாது?"

"தெரியாதுக்கா. ஒம் மேல ஒண்ணும்..."

"பிள்ளைக போனப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. கிரகணத்துல வெளிய வந்தேன்னாக. தீப்பெட்டி மருந்து வாடையில வேல பாத்தேன்னாக. சாமிக்கு நேந்தத மறந்தேன்னாக. எல்லாம் நான் செஞ்சது. நீ ஒருத்தன்தான், படிச்சவன், அது ரெத்தத்துல இருந்துச்சுன்னு சொன்னே. எங்க கையில இல்லன்னு சொன்னே. அன்னைக்குக் கோவம்தான். ஆனா வீட்டுக்கு வந்து மாமாட்டச் சொல்லி ரெண்டு பேரும் அழுதோம். அன்னையில இருந்து ஒழுங்காத் தூங்குனேன்லே. இப்ப அதையும் வந்து எடுத்துக்கிட்டுப் போறியே."

அப்புறம் அவள் மறுபடி அரிசி புடைக்க ஆரம்பித்தாள். சாப்பிடச் சொல்லவில்லை. நானும் இருந்து பார்த்தேன்.

மாமாதான் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். சாத்தூர் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், பஸ் தெரிந்த பிறகு சொன்னார்:

"ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்க அவளேதான் கெளம்பிக்கிட்டு இருந்தா, மாப்ளே. நீ ரெண்டு நாளு சும்மா வீட்ல கெடந்திருக்கலாம்."