ஓடாத வண்டிக்கு அரை மணி நேரம்

அந்தக் கட்டிடத்தில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர். பேண்ட் ஜிப், பை ஜிப், மழைக்கோட்டு ஜிப், எது மக்கர் பண்ணினாலும் இரண்டாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்பாள். சொன்னபடி மறுநாள் தயாராக இருக்கும். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள் என்று கீழ்வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். அதுவே சந்தேகம்தான்.

முன்பு கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்து தைத்தவள். புருஷனுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கட்டில் ஜன்னல் ஓரம், மெஷின் கட்டில் ஓரம், அவள் மெஷின் ஓரம். அந்த ஒரே அறைக்குள் அவளுடைய நாள் விடியும், அங்கேயே முடியும்.

புருஷன் டிரைவிங் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். "கிளச்ச விடுய்யா, கிளச்ச விடு" என்று அவர் போடும் சத்தத்தில் தெருமுனை வரைக்கும் ஆட்கள் ஒதுங்கிப் போவார்களாம். பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம், "வீட்ல போடுற சண்டை போதாதா?" என்று தட்டிக் கழித்துவிட்டார். இப்போது வலது கையும் வலது காலும் போய், வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறார். பேச்சு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். கோபம் மட்டும் குறையவில்லை. இடது கையில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் வைத்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமா, கட்டில் கம்பியில் டங் டங். தலையணை சரிந்துவிட்டதா, டங் டங். ஈ உட்கார்ந்துவிட்டதா, அதற்கும் டங் டங்.

அந்தச் சத்தத்துக்கு அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். புரட்டிப் படுக்க வைப்பாள், துடைப்பாள், துணி மாற்றுவாள், கஞ்சியை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு மெஷினில் உட்காருவாள். காலை மிதிப்பலகையில் வைத்திருக்கமாட்டாள், டங் டங். இப்படி இருக்கிறவர்களைப் பார்த்து, "பொறுமைசாலி" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அலுப்பைச் சொல்ல ஆள் இல்லாததால் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

இதில் கார் வேறு.

கட்டிடத்துக்குப் பின்னால், முன்பக்கம் திறந்த தகரக் கொட்டகையில் மாஸ்டரின் பழைய கார் நின்றது. பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் பிரேக், கிளச் வைத்த டிரைவிங் பள்ளிக்கூட வண்டி. இனி அதை ஓட்ட வீட்டில் ஆள் கிடையாது. மகள் போனில் கூப்பிடும்போதெல்லாம், "அத வித்துத் தொலைங்கம்மா" என்பாள். அந்தப் பேச்சை எடுத்தாலே மாஸ்டர் ஸ்பூனால் கம்பியைப் போட்டுச் சாத்துவார். மனுஷன் என்றைக்காவது எழுந்து ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

படுக்கையில் விழுந்து கொஞ்ச நாளில் அவர் ஒரு சட்டம் போட்டார். சட்டத்தைச் சொல்லி முடிக்கவே அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. ஓடாத வண்டியில் பேட்டரி செத்துப்போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கீழே போய் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். இடையில் இறங்கக் கூடாது. விளக்கு, ஃபேன், பாட்டு எதுவும் போடக் கூடாது.

"ஒண்ணும்... போடாத," என்றார். "சும்மா... உக்காரு."

"இங்க ஒருத்தருக்குப் பாக்குறது பத்தாதுன்னு அந்தத் தகரத்துக்கும் நான் ஆயா வேல பாக்கணுமா?" என்று கத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

முதல் சில வாரம் முள்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் இரைச்சலில் மாடியிலிருந்து ஸ்பூன் சத்தம் சரியாகக் கேட்காது. கூப்பிட்டிருப்பாரோ, விழுந்திருப்பாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. மேலே ஓடிவந்து பார்த்தால் மனுஷன் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருப்பார். ஸ்பூன் மட்டும் தரையில் கிடக்கும். "இத ஒழுங்கா பிடிச்சுக்கக்கூட முடியலயா?" என்று திட்டி, எடுத்துக் கழுவிக் கையில் கொடுப்பாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தாள். கண்ணாடி நான்கும் ஏற்றியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கை மடியில் சும்மா கிடந்தது. அது என்னவோ வேறு யாருடைய கையோ என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூங்கிப்போனாள். அன்றைக்கு மேலே வந்தபோது அரை மணியைத் தாண்டிவிட்டிருந்தது. மாஸ்டர் படுக்கையை நனைத்திருந்தார். நனைந்து நேரமாகியிருக்க வேண்டும், துணி சில்லிட்டுக் கிடந்தது. ஈக்கெல்லாம் கம்பியைத் தட்டுகிற மனுஷன் இதற்கு முகத்தைக்கூடச் சுளிக்கவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. துணியை மாற்றுகிற அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

அதன் பிறகு அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவளுக்கு வாரம் நகர்ந்தது. சிலநாள் தூங்குவாள். சிலநாள் அழுவாள். பெரும்பாலும் எதுவும் செய்யமாட்டாள். வெள்ளிக்கிழமை ஆகும்போதே, இன்னும் இரண்டு நாள்தான் என்று மனசுக்குள் ஓடும். இதை யாரிடம் சொல்வது? புருஷனை விட்டுக் கொஞ்ச நேரம் தள்ளியிருக்க ஆசையாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் போகிறேன் என்றால் எவனும் ஒன்றும் கேட்கமாட்டான்.

அங்கேதான் வந்து சேர்ந்தான் கொழுந்தன்.

மாஸ்டரின் தம்பி மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். நல்லவன். எங்கே எது ரிப்பேர் என்றாலும் கை சும்மா இருக்காது. மாதத்துக்கு ஒருமுறை கடை வேனில் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டு, போகும்போது ஒரு சுவிட்சையாவது மாற்றிவிட்டுப் போவான். அந்த மாதம் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். கொட்டகைக்கு ஒயர் இழுத்து, பெட்டியைப் பேட்டரியில் மாட்டி, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தான்.

"அண்ணி, உங்க பெரிய தலவலி ஒண்ணு இன்னையோட தீந்துச்சு. அந்தப் பொட்டி பேட்டரிய தானா பாத்துக்கும். கொறஞ்சா ஏத்தும், நெறஞ்சா நிறுத்திடும். இனிமே நீங்க கீழ இறங்கவே வேணாம்."

ஜிப்பக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதுக்குள் போகவில்லை.

"ரொம்ப உபகாரம் தம்பி," என்றாள்.

கட்டிலிலிருந்து மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைக் கோணினார். சொல் வரவில்லை. ஸ்பூனைத் தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று தம்பி டம்ளரை நீட்டினான்.

அடுத்த ஞாயிறு அவளுக்குக் கீழே போக வேலை இல்லை. "பச்ச லைட் எரியுதான்னு பாத்துட்டு வரேன்" என்று போனாள். எரிந்தது. ஓடாத வண்டிக்குள் ஏறி உட்கார அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டாள். அந்த வாரம் ஒரு பேண்ட்டுக்கு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்தாள். ஊட்டும்போது கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். "தட்டாதீங்க, எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு" என்று கீழ்வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். தனக்கு இருந்த ஒரே இடத்தை ஒரு பச்சை விளக்கு பிடுங்கிக்கொண்டது என்று நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு பச்சை விளக்கைப் பார்க்கப் போனவள், கொட்டகைச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். ஒயரை நீட்டிப்போட்டால் யார் காலாவது தடுக்கும் என்று சுருட்டியும் வைத்தாள். கதவைத் திறந்து காருக்குள் இருந்த சின்ன விளக்கைப் போட்டாள். விளக்கு எரிந்தபடி விட்டால் பேட்டரி காலி என்று மாஸ்டர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, திருடியவளைப் போல் படியேறினாள்.

அடுத்து கொழுந்தன் வந்தது ஒரு ஞாயிறு சாயங்காலம். நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டுத்தான் மேலே வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பேட்டரி சுத்தமா செத்துப்போச்சு அண்ணி. எவனோ பிளக்கப் பிடுங்கியிருக்கான். உள் லைட்டயும் போட்டு வச்சிருக்கான். இதுல வேடிக்க என்னன்னா, ஒயர அப்படியே அளவு டேப் சுத்துற மாதிரி அழகா சுத்தி, நுனிய உள்ள சொருகி வச்சிருக்கான்."

ஜிப்பக்கா மெஷினைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. கழுத்து சுட்டது. டேப்பைக் கழற்றி ஒளித்தால் காட்டிக்கொடுத்துவிடும், கழற்றாவிட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று தவித்தாள்.

மாஸ்டர் அவளுடைய கழுத்தையே பார்த்தார். பிறகு அவர் வாய் நல்ல பக்கமாக இழுத்துக்கொண்டது. படுத்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

"எலி," என்றார்.

"எலியா? எலி ஒயரக் கடிக்கும். பிளக்கப் பிடுங்கிச் சுத்தியா வைக்கும்?"

"பெரிய... எலி." ஸ்பூனை ஜன்னல் பக்கம் நீட்டினார். "வண்டி. ஸ்டார்ட்டு... பண்ணு."

கொழுந்தன் வேனைக் கொட்டகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, வேன் பேட்டரிக்கும் கார் பேட்டரிக்கும் ஒயர் மாட்டினான். ஜிப்பக்கா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் இருமியது, முனகியது, பிடித்துக்கொண்டது.

"ஆஃப் பண்ணிடாதீங்க அண்ணி. கொஞ்ச நேரம் ஓடட்டும். நான் அண்ணன்கிட்ட இருக்கேன்."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மேலே போனவன் தரையில் கிடந்த ஸ்பூனைப் பார்த்தான். குனிந்து எடுத்து அண்ணன் கையில் கொடுத்தான். மாஸ்டர் அதை வாங்கி, அவன் கண் முன்னாலேயே, இடது கையால் விட்டெறிந்தார். அது மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது.

"ஏன்ணா?"

கீழே கார் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கேட்டான்: "அண்ணா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நின்ன எடத்துல ஓடவிட்டா பேட்டரிக்கு என்ன பெரிசா ஏறிடப்போகுது? ஸ்டார்ட் பண்ண செலவான சார்ஜ் திரும்ப வந்தாலே அதிகம். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாத்தான் ஆகும். இது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அண்ணிய வாராவாரம் கீழ அனுப்புனீங்க?"

மாஸ்டருக்கு நெற்றி வியர்த்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"பேட்டரிக்கு... இல்ல. அவ... உக்காரணும்." மூச்சு வாங்கினார். மெஷினுக்கு அடியில் கிடந்த ஸ்பூனைக் கண்ணால் காட்டினார். "கையில... இருந்தா... கூப்புட்டுடுவேன்."

மாஸ்டருக்குத் தாகமாக இருந்தது என்பது காய்ந்த உதட்டிலேயே தெரிந்தது. தண்ணீரை எடுத்துத் தம்பிதான் புகட்டினான். ஜன்னலுக்குக் கீழே கார் நிற்காமல் ஓடியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

அவள் மேலே வந்தபோது முகம் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. கன்னத்தில் இருக்கையின் வரி பதிந்திருந்தது. கொழுந்தன் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணி, அந்தப் பொட்டிய நான் எடுத்துட்டுப் போறேன். உங்க பழைய வண்டிக்கு அது ஒத்து வரல. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நீங்களே முன்ன மாதிரி வாராவாரம் ஸ்டார்ட் பண்ணிடுங்க."

"ஐயோ, அப்படியா?" என்றாள். அதில் வருத்தத்தைச் சேர்க்க நினைத்தாள், சரியாகச் சேரவில்லை. "சரி, என்ன பண்றது. பண்ணித்தான ஆகணும்."

பிறகு அவர் கையைப் பார்த்தாள். வழக்கம்போல் வெறுங்கை.

"மறுபடியும் ஸ்பூனக் கீழ போட்டாச்சா? இத ஒண்ணு ஒழுங்கா பிடிச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" முட்டி போட்டு, மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

மாஸ்டர் தம்பியைப் பார்த்தார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி," என்றான் அவன். "நான்தான் தட்டிவிட்டுட்டேன்."