பாதியில் சொன்ன ஆமென்

எங்கள் மயிலாப்பூர் சபையின் ஆண்கள் வருடத்துக்கு ஒருமுறை கிண்டியில் கோல்ஃப் ஆடி, மரத்தடியில் ஜெபித்து, சாப்பிட்டுத் திரும்புவோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம் எனக்கு ஜோடியாக ஆடியவர் ஞானமுத்து. புல்லில் பந்தைத் தேடும்போது, கணவனிடம் அடிபட்டு என் மகள் வீடு திரும்பியிருப்பதை அவரிடம் மட்டும் சொன்னேன்.

“வெளியே தெரிஞ்சா உசிரோட இருக்கமாட்டேன்றா. மனசுக்குள்ளேயே ஜெபம் பண்ணு, தம்பி.”

“என்னாண்ட சொல்லிட்டீங்க இல்ல, அண்ணே? கவலைய வுடுங்க.”

மதியம் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கண்களை மூடினோம். ஞானமுத்து உருக்கமாக ஜெபித்தார்.

“ஆண்டவரே, புருஷனிடம் அடிபட்டு வந்திருக்கிற ஒரு மகளுக்காக மன்றாடுகிறோம். அவள் பெயர்…”

“ஆமென்!” என்று கத்தினேன்.

பழக்கதோஷத்தில் எல்லோரும் “ஆமென்” சொல்லிவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள்.

ஞானமுத்து என் காதருகே வந்தார். “இன்னா அண்ணே, பேரைச் சொன்னாத்தானே ஜெபம் போய்ச் சேரும்?”

“ஆண்டவருக்கு எங்க வீட்டு விலாசம் தெரியும்யா!”

கோபத்தில் சாப்பிடாமலே எழுந்துவிட்டேன்.

அன்று முதல் யாராவது ஜெபிக்கச் சொல்லித் தங்கள் துயரத்தைச் சொன்னால், நான் அதை என் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. ஞானமுத்துவுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.