கறுப்பு ஸ்லைடும் என் வேலையும்

காலேஜில் பாடம் நடத்துவது என்பது இந்தக் காலத்தில் பாதி நேரம் ஒயர் தேடும் வேலை. மிச்ச நேரம் இருந்தால் பாடம். கையில் பென்டிரைவோடு, வெறும் நீலத் திரையைப் பார்த்தபடி ஒரு வகுப்பின் முன்னால் அசடு வழிய நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. உங்களிடம் புலம்பலாம்.

மரக்காணத்துக்கு வெளியே, ஜன்னலைத் திறந்தால் உப்பளம் தெரிகிற ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு கோடையிலும் முடிந்துவிடும், மறுபடி கூப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஏப்ரல் வந்தாலே காலண்டரைப் பார்க்கப் பிடிக்காது. போன வருஷம் காலேஜ் திறந்ததும் பிரின்சிபால் கூப்பிட்டார். "எல்லாப் பாடத்தையும் பிபிடியா பண்ணிக் குடுத்துடுங்க மேடம். உங்களைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி மேனேஜ்மென்ட்டுல நானே பேசறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும்.

எதில் செய்வது?

எந்த மென்பொருளில் ஸ்லைடு செய்வது என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் இலவசமாகக் கிடைப்பதே போதும் என்றார்கள். ஆங்கிலத் துறையில், நெட்டில் செய்வதுதான் அழகு, எழுத்தெல்லாம் பறந்து வரும் என்றார்கள். எங்கள் காலேஜில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மட்டும்தான். வகுப்பை அங்கே நடத்தலாமா என்று கேட்க வாயெடுத்தேன். ஒப்பந்தம் ஞாபகம் வந்ததால் மூடிக்கொண்டேன்.

வரலாற்றுத் துறை சகாயராஜ் சார் காசு கொடுத்து வாங்கின மென்பொருளில் வீட்டிலேயே ஸ்லைடு செய்து கொண்டுவந்திருந்தார். காலேஜ் கம்ப்யூட்டரில் போட்டதும் சோழர் வரலாறு முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. அவர் வீட்டில் இருக்கிற தமிழ் எழுத்துரு இங்கே இல்லையாம். கடைசியில் அவரவர் இஷ்டம் என்று கூட்டம் முடிந்தது. எது எந்த வகுப்பில் திறக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். சகாயராஜ் சார் அந்தக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "விடும்மா, இதுவும் ஒரு கல்வெட்டுதான். படிக்கத் தெரிஞ்சவன் படிச்சுக்கட்டும்."

மஞ்சள் சந்தை

உப்புக்காற்று ப்ரொஜெக்டர் என்றும் பாராது, பிரின்சிபால் அறை ஏசி என்றும் பாராது. ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். லேப் உதவியாளர் ஏழுமலை பழைய டூத் பிரஷ் ஒன்றை இதற்காகவே சட்டைப்பையில் வைத்திருப்பார். தேய்த்துக் கொடுத்தால் படம் வரும், ஆனால் ஏதாவது ஒரு நிறம் வராது. ஒருநாள் நீலம் வரவில்லை. வெள்ளைத் திரை முழுக்க மஞ்சளாகிவிட்டது. என் வரைபடத்திலோ தேவைக் கோடு மஞ்சள் நிறம். அளிப்பு மட்டும் தனியாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. வாங்க ஆளே இல்லாத சந்தையை அந்த மணி நேரம் முழுக்க நடத்தினேன்.

புது ஒயர் கேட்டு எழுதிக் கொடுக்கலாமா என்று ஏழுமலையைக் கேட்டேன். அவர் பிரஷை உதறிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எங்க ஊட்டு இரும்பு கேட்டே உதிர்ந்துபோச்சு மேடம். இது இன்னும் எரியுதேன்னு சந்தோஷப்படுங்க."

கொஞ்சம் தள்ளி

ஸ்லைடு வந்ததும் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் போன்கள் மேலே எழும்பும், கிளிக், இறங்கும். படம் பிடித்தாயிற்று, பாடம் முடிந்தது. அதற்கப்புறம் நான் பேசுவதெல்லாம் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரிதான். பத்து வருஷமாகத் தொண்டை வறளக் கத்தியபோதுகூட இவ்வளவு அலுப்பு வந்ததில்லை. ஒருநாள் பணவீக்கத்தை விளக்கலாம் என்று திரைக்கு முன்னால் வந்து நின்றேன். கடைசி பெஞ்ச் விக்னேஷ் போனை நீட்டியபடி மரியாதையாகத்தான் சொன்னான்: "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல நீங்க வர்றீங்க."

ஸ்க்ரீன் போயிடுச்சு

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மறுநாள் பாடத்தின் நடுவில் முழுக் கறுப்பாக ஒரு ஸ்லைடைச் செருகினேன். எழுத்தில்லை, படமில்லை. வகுப்பில் அது வந்ததும் போன்கள் எழும்பின, தயங்கின, இறங்கின. "மேடம், ஸ்க்ரீன் போயிடுச்சு" என்றார்கள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் என்னைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் கேட்டேன்: மழை பெய்தால் உப்பு விலை ஏறும், அப்படியென்றால் உப்பளக்காரர்கள் மழையை வேண்டிக்கொள்ளலாமா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. விலை ஏறினால் நல்லதுதானே என்றான் விக்னேஷ். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். வரத்து குறைந்தால் மீன் விலை ஏறுவதை அவன் பார்த்திருக்கிறான். தேவகியின் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். வகுப்பில் அதுவரை வாயே திறக்காத பெண் அவள். அன்று எழுந்து நின்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதன்பிறகு என் எல்லாப் பாடத்திலும் ஒரு கறுப்பு ஸ்லைடு வைத்தேன். அன்று தேவகி சொன்னது இதுதான்: "வெலை ஏறும்டா. விக்கறதுக்கு உப்பு எங்க இருக்கும்? மழையிலதான் கரைஞ்சுபோச்சே."

பாராட்டு

கோடை வந்தது. வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற ஸ்லைடுகளைப் பென்டிரைவில் போட்டு பிரின்சிபாலிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்குள்ளும் ஏதோ மலர ஆரம்பித்தது. அப்புறம்தான் சொன்னார், மேனேஜ்மென்ட் இந்த வருஷம் என் இடத்துக்குப் புதிதாகப் படித்து முடித்த பெண் ஒருத்தியை எடுத்திருக்கிறதாம். பாடம் தயாராக இருப்பதால் அனுபவம் தேவையில்லையாம். மனுஷர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே பாராட்டிவிட்டதாகத்தான் நினைத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ் பெருமுக்கல் தாண்டும்வரை அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது. அவர் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது: "சூப்பரா பண்ணியிருக்கீங்க மேடம். இனிமே யாரை நிக்க வெச்சாலும் பாடம் நடக்கும்."

ஒரு சந்தேகம்

காலேஜ் திறந்த வாரமே போன் வந்தது. என் இடத்துக்கு வந்த பெண், யாமினி. ஊர் கிளியனூர். ஏழுமலையிடம் என் நம்பரை வாங்கினாளாம். "மேடம், நடுவுல ஒரு ஸ்லைடு கறுப்பா வருது. ஃபைல் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒப்பந்தம்தான், அவளுக்கும் ஒரு ஏப்ரல் வரும். கோபப்பட நினைத்தேன், வரவில்லை.

கெடவில்லை, அங்கே நிறுத்திவிட்டு உப்பு விலையைப் பற்றிக் கேள் என்றேன். மழைக் கேள்வியையும் சொன்னேன். பேனாவைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டாள் போல. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சரிங்க மேடம். பசங்க பதில் சொன்னா, அது சரியா தப்பான்னு எந்த ஸ்லைடுல பாக்கணும்?"

வருஷம் பூராவும் உட்கார்ந்து என் வேலையை நானே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். அதில் ஏறாமல் என்னிடமே தங்கிவிட்டது அந்தக் கறுப்பு ஸ்லைடுக்கான பாடம் மட்டும்தான், ஆனால் அதற்கு யாரும் சம்பளம் போடுவதில்லை.