மிச்சிக்கோவின் தமக்கைக்கு என்ன சொல்வது

போன் வந்தபோது வீட்டில் நான், இவர், மகள் ஆரணி… மூன்று பேரும்தான் இருந்தோம். மேல்மாடியில் இருந்த ஜப்பான்காரர் மிச்சிக்கோ இன்று காலை காலமாகிவிட்டார்.

சொன்னது எங்கள் பில்டிங் சுப்பரின்டென்டன்ட். நாளை மத்தியானம் உடலைப் பார்வைக்கு வைக்கிறார்களாம். ஜப்பானிலிருந்து வந்து நின்று அவரைப் பராமரித்த தமக்கை என்னைக் காண வேண்டுமாம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

எங்கள் மகனுக்கு டோக்கியோவில் வேலை. கலியாணமும் அங்கேதான் பொருந்தியிருக்கிறது. பெண் ஜப்பான்காரி. அவளின் தாய் தகப்பன் நாளை மறுநாள் இங்கே வந்திறங்குகிறார்கள். அவர்களை முறையாக வரவேற்கத்தான் மிச்சிக்கோவிடம் ஜப்பானிய வணக்கம் படிக்கப் போனேன்.

"ஹஜிமேமாஷிதே." முதல் தரம் காணும் ஆளுக்குச் சொல்லும் வணக்கம். சொல்லிக் குனிய வேண்டும். எனக்கோ கை தானாகக் கூம்பிவிடும்…

"நீர் வணக்கம் சொல்லுறீரோ, விழுந்த தோட்டைத் தேடுறீரோ?" என்று இவர் கேட்டார். தமிழ் தெரியாத மிச்சிக்கோ என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

மிச்சிக்கோ எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே போய் மணி அடிப்பார். நான் திறப்பேன். ஒவ்வொரு தரமும் முன்பின் கண்டிராத ஆள் மாதிரியே நிற்பார். தடுமாறினால் திரும்ப வெளியே போவார். "அகெய்ன்… அகெய்ன்."

கடைசியாக அவரை ஹொஸ்பிட்டலில் கண்டேன், தமக்கை அப்போது வெளியே போயிருந்தார். கோயில் திருநீறு கொண்டுபோனேன், நெற்றியைத் தானே காட்டினார். பிறகு அந்த வணக்கத்தைச் சொன்னேன். கிடந்தபடியே தலையை மட்டும் சாய்த்து, "குட்… தே வில் பி ஹப்பி" என்றார்.

சம்பந்திகளுக்கு முன்னால் நாளை காணப்போவது அவர் தமக்கையைத்தான். முதல் தரம் காண்கிறேன், சரி… பெட்டிக்குள் தங்கச்சி கிடக்க அந்த வணக்கத்தைச் சொல்லலாமா? மனம் நொந்துபோவாரா?

எங்கள் செத்தவீடுகளில் வணக்கமும் இல்லை, போயிட்டு வாறம் என்பதும் இல்லை. கையைப் பிடித்தபடி இருந்துவிட்டு எழும்பி வருவோம். அவர்களுக்கு எப்படியோ…

ஆரணி போனில் தேடினாள். "அம்மா, ஒண்டு சொல்லலாம் எண்டுது, மற்றது கூடாது எண்டுது. ஜஸ்ட் ஹக் ஹெர்."

மிச்சிக்கோ என்னை ஒருநாளும் கட்டிப்பிடித்ததில்லை.

மகனிடம் கேட்டேன். "நான் அங்க ஒரு செத்தவீட்டுக்கும் போகேல்லையம்மா. மாமியிட்ட கேக்கட்டோ?"

"வேண்டாம்" என்றேன். கலியாணம் பேச வருகிறவர்களிடம் செத்தவீட்டுக் கதையா?

கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார்…

அமைதியாகப் போங்கள், மிச்சிக்கோ. முருகன் கூட வருவான்.

ஜப்பானியர் செத்தவீட்டு முறை தெரிந்தவர்கள், நாளை மத்தியானத்துக்கு முன் இந்தப் பதிவின் கீழே பதில் எழுதுங்கள்.