கூரையேறிய பசுவும் ஏழாவது தீக்குச்சியும்

இது நடந்தது. பசு விஷயம் உட்பட. 1974, பிப்ரவரி ஒன்பது, சனிக்கிழமை, மாலை ஏழு மணி. அந்த நிலவறையில் இருந்த ஆறு பையன்களில் நான்கு பேர் இன்னும் ஒஹையோவில்தான் இருக்கிறார்கள். போய்க் கேட்கலாம். வாயைத் திறக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கல்லூரிக்கு எதிரே, மாணவர்கள் சேர்ந்து தங்கும் அந்தச் சகோதர சங்கத்து வீட்டில், சேர வந்தவனுக்குச் சாப்பாடு போடுவதற்கு முன்னால் சரித்திரத்தைப் போடுவார்கள். சங்கத்தைத் தொடங்கிய ஒன்பது பேரின் முழுப்பெயர், அவர்கள் முதலில் கூடிய தையற்கடை மாடி, முதல் விருந்தில் கருகிப்போன வாத்து, 1889இல் கூரைமேல் ஏற்றிவிட்டு இறக்கத் தெரியாமல் விழித்த பசுவின் பெயர் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். பரீட்சை நிலவறையில், விளக்கை அணைத்துவிட்டு. கேள்வி விழுந்ததும் பையன் தீக்குச்சியை உரச வேண்டும். நெருப்பு விரலைத் தொடுவதற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் பின்னால் இருக்கும், ஒரு காலத்தில் மரத்தூளில் புதைத்து ஐஸ் கட்டி வைத்த பழைய ஐஸ் அறையில் பத்து நிமிடம். மூன்று தடவை உள்ளே போனவன் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம்.

கேள்வி கேட்டவன் கிளென் ஹென்ஷா. கடைசி வருட மாணவன். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் அவனுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. ஹென்ஷா என்ற பெயரைச் சொன்னான், உள்ளே வந்துவிட்டான்.

அன்று அவன் குறி ரோலண்ட் டேட் மீது. பண்ணை வீட்டுப் பையன், யாருக்கும் வளையாதவன். ஏற்கெனவே இரண்டு தடவை ஐஸ் அறையைப் பார்த்தவன். இன்னொன்றுதான் பாக்கி.

"பசு பேரு?" என்றான் கிளென்.

"கிளாரா, அண்ணே."

"சத்தமா. பசுவுக்கே கேக்கணும்."

"கிளாரா, அண்ணே. உங்க குரல் கேட்டா அதுவே திரும்பிப் பாத்திருக்கும்."

இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளென் சிரிக்கவில்லை. பசு கூரையில் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டான். சங்கத்துப் புத்தகத்தில் அது கிடையாது. கேட்டவனுக்கும் தெரியாது.

"புஸ்தகத்துல இல்லையே அண்ணே."

"இல்லாததையும் தெரிஞ்சவன்தான் இந்த வீட்டுப் பிள்ளை."

ரோலண்டின் குச்சி பாதி எரிந்துவிட்டது. கிளென் ஐஸ் அறைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

அப்போது வரிசையின் கடைசியில் ஒரு குச்சி உரசும் சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

"மூணு நாள், அண்ணே. செத்துதான் இறங்குச்சு."

மரியாதையான குரல். சின்ன வயதுக் குரல். யார் என்று கிளென்னுக்குப் பிடிபடவில்லை. மணி பார்த்தான். ஏழு பதினாலு.

எல்லாரும் குச்சியை உரசுங்கள் என்றான். முகம் பார்க்க வேண்டும்.

ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...

எண்ணினான். ஆறு பையன்கள். ஏழு தீக்குச்சிகள்.

ஏழாவது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. குறையவே இல்லை. மற்ற ஆறும் விரலைச் சுட்டு, ஒவ்வொன்றாக விழுந்து அணைந்தன. அது மட்டும் அப்படியே நின்றது... அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை.

ஈரமான மரத்தூள் வாசனை வந்தது.

"இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா அண்ணே?"

கிளென் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான்.

"1924. இதே தேதி. லெஸ்டர் பீலை ஐஸ் ரூம்ல பூட்டிட்டு, சாவியோட டான்சுக்குப் போன அண்ணன் யாரு?"

"அது... அது புஸ்தகத்துல இல்ல."

"இல்லாததையும் தெரிஞ்சிருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

நெருப்பு இப்போது குறையத் தொடங்கியது.

கிளென்னின் விரல் சுட்டது. அவன் கையில் குச்சியே இல்லை. ஆனாலும் சுட்டது.

"தெரியாது," என்றான்.

"தெரியாதுன்னா பத்து நிமிஷம், அண்ணே."

இருட்டு.

தாழ்ப்பாள் விழுந்தது.

ரோலண்ட்தான் தட்டுத்தடுமாறி விளக்கைப் போட்டான். ஆறு பையன்கள் நின்றார்கள். கிளென்னைக் காணோம். ஐஸ் அறைத் தாழ்ப்பாளை ஆறு பேரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. சரியாகப் பத்து நிமிடம் கழித்து, ஏழு இருபத்தேழுக்கு, யாரும் தொடாமலே திறந்துகொண்டது. கிளென் வெளியே வந்து விழுந்தான். இமையெல்லாம் உறைபனி. அந்த அறையில் ஐஸ் வைப்பதை நிறுத்தி முப்பத்தாறு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு கிளென் தன் தாத்தா ஹோமர் ஹென்ஷாவிடம் தொலைபேசியில் பேசினான். பெரியவருக்குக் காது மந்தம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. லெஸ்டர் பீல் என்ற பெயர் மட்டும் முதல் தடவையே கேட்டுவிட்டது.

"உன்கிட்ட கேட்டானா?" என்றார்.

"கேட்டான் தாத்தா."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

"அதான் உசுரோட பேசுற. உங்கப்பன் தெரியும்னு சொல்லிட்டான். லெஸ்டர்கிட்ட பொய் நிக்காது."

கிளென் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது அப்பா போய்விட்டார். மாரடைப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பெரியவர் இப்போது வேறு சொன்னார். சங்கத்து வீட்டிலிருந்து எண்பது மைல் தள்ளி, டொலிடோவில் அப்பா நடத்திய இறைச்சிக் கடை. அதன் குளிர் அறையில் கிடந்தாராம். 1953, பிப்ரவரி ஒன்பது. பூட்டு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. சாவி அவர் பையிலேயே இருந்தது.

"அவனுக்கு எப்படித் தாத்தா தெரியும்? அப்பாவுக்கு?"

"நான் சொல்லித்தான். மனசு தாங்கலடா. அவன்கிட்ட இறக்கி வச்ச மாதிரி இப்ப உன்கிட்டயும்..."

"வேணாம் தாத்தா. சொல்லாதீங்க."

"என்னது?"

"சொல்லாதீங்க!"

"சரியா விளங்கல, சத்தமாப் பேசு. கேளுடா... அந்த சாவி என் கோட்டுப் பையிலதான் இருந்துச்சு. டான்சுல மறந்தே போயிட்டேன்."

அம்பது வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது, இனி நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வைத்துவிட்டார்.

கிளென் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தான். அடுத்த பிப்ரவரி ஒன்பதுக்கு இன்னும் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் இருந்தது.