நகராத குண்டு

செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். பிறகு இடுப்பு பெல்ட். பிறகு கடைச் சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு, சில்லறை முடிந்த கைக்குட்டை. எல்லாவற்றையும் என் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டுக் கடைசியில் தலையையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார், அங்கே ஏதாவது கனம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று. அதற்கப்புறம்தான் பார்சல் எடைமேடையில் ஏறுவார் ரொட்டிக்கடை இளையபெருமாள்.

"போடுங்க சார்" என்பார், கண்ணை மூடிக்கொண்டு.

காரைக்கால் ஸ்டேஷனில் நான் பார்சல் குமாஸ்தா. என் மேடையில் திருவேட்டக்குடிக் கருவாட்டுக் கூடை ஏறும், வெற்றிலைக் கட்டு ஏறும், தேங்காய் மூட்டை ஏறும். மனிதர் ஏறுவது விதிக்குப் புறம்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியான வண்டி புறப்பட்டுப் போனபின் விதியும் சற்றுக் கண்ணயரும். அந்த நேரம் பார்த்துத்தான் வருவார். கம்பியில் குண்டை நகர்த்தி நான் எடையைச் சொல்லும்வரை அவர் மூச்சு விடுவதில்லை. மூச்சுக்கும் எடை உண்டென்று நினைப்பு.

ஐம்பதை எட்டிய மனிதர். ஆறடி உயரம், அதற்குச் சளைக்காத அகலம். நடக்கும்போது மட்டும் உள்ளே இருக்கிற பழைய சிப்பாய் வெளியே தெரிவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் பத்து வருஷம் இருந்தவர். இன்றும் நடந்தால் வாய்க்குள் "அன், தெ... அன், தெ" என்று பிரெஞ்சில் ஒன்று-இரண்டு தாளம் போகும். அங்கே பட்டாளத்துச் சமையற்கட்டில் கற்றுக்கொண்ட நீள ரொட்டியைத்தான் மாதா கோயிலுக்குப் பின்னால் அடுப்புக் கட்டிச் சுட்டு விற்கிறார். கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவு. ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டு மூட்டை கட்டியபோது, கடையை மூடிவிடுவீர்களா என்று கேட்டேன்.

"தொரைமாருதானேங்க போனாங்க. நாக்கு இங்கதானே இருக்கு" என்றார்.

சைகோனில் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. அந்த ஊர்ப் பெண்ணொருத்தி மனைவி. ஒரே மகள், அல்லி என்று இவர் பெயர் வைத்தார். குழந்தைக்கு ஐந்து வயதானபோது இவருக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட, ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று கப்பலேற்றிவிட்டார்கள். ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். வந்த கையோடு உலகச் சண்டை மூண்டது. கடல் அடைபட்டது. அது ஓய்ந்தபோது அந்த ஊரிலேயே வேறு சண்டை. மனைவி காலமான செய்தியே யாரோ சொல்லி யாரோ கேட்டு, எத்தனையோ நாள் கழித்துத்தான் இவரிடம் வந்தது. மகள் எங்கே என்று சொல்ல ஆளில்லை. இங்கே வேறு கல்யாணம் பேசினார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவனை இழந்து திரும்பிவந்த அக்காள் சொர்ணாம்பாளும் இவருமாக ஒரு வீடு. வருஷங்கள் போயின. உடம்பு பெருத்தது.

பிறகு சேக் அலாவுதீன் மரைக்காயர் ஊர் திரும்பினார். சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவர்தான் செய்தி கொண்டுவந்தார். அல்லி உயிரோடு இருக்கிறாள். தாயின் தங்கையோடு இருந்துகொண்டு அவர் கடைக்கே துணி தைத்துக் கொடுத்திருக்கிறாள். அப்பாவிடம் வந்துவிட வேண்டும் என்கிறாள். காகிதங்கள் தயாரானதும் கப்பலேறுவாள், இந்த வருஷமோ அடுத்த வருஷமோ. இதையெல்லாம் சொல்லிவிட்டு மரைக்காயர் இன்னொன்றும் சொன்னாராம்.

"அந்தப் புள்ளை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. எங்கப்பா பாக்குமரம் மாதிரி நெட்டையா ஒல்லியா இருப்பாரே, இன்னமும் அப்படித்தான் இருக்காரான்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இளையபெருமாள் முதல்முதலாக என் மேடையில் ஏறினார். இருநூற்றுப் பத்து ராத்தல். கேட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"பாக்கு மரத்தைத் தேடிக்கிட்டு வரப்போவுதுங்க. இங்க வந்து நெல்லுக் குதிரு நிக்கிறதைப் பாத்தா என்னங்க பண்ணும்?"

ராத்திரிச் சோறு நின்றது. காப்பியில் சர்க்கரை நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ஒரு பிடிச் சோற்றுக்கு ஒரு சட்டி கீரை. அடுப்பு வேலை முடிந்ததும் அரசலாற்றங்கரையோடு கடல்வரைக்கும் அன், தெ. முதல் சில மாதங்கள் குண்டு இறங்கிக்கொண்டே வந்தது. சட்டை தொளதொளத்தது. எடை கேட்டு இறங்கும்போது எனக்குச் சலாம் வைப்பார், பட்டாளத்துச் சலாம்.

நூற்று எண்பத்தெட்டில் வந்து நின்றுவிட்டது.

மழைக்காலம் வந்தது, மழைக்காலம் போனது. குண்டு அதே கோட்டில். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினார். சாயங்காலமும் கடற்கரைக்குப் போனார். ஒருநாள் வெறும் மோரோடு இருந்துவிட்டு அடுப்பெதிரில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். குண்டு நகரவில்லை. தராசு துருப்பிடித்துவிட்டது என்று என்னோடு வழக்காடினார். அவருக்காக, சீல் வைத்த சர்க்கரை மூட்டையொன்றை மேடையில் ஏற்றிக் காட்டினேன். மூட்டைமேல் எழுதியிருந்த எடையும் மேடை காட்டிய எடையும் ஒன்றாகவே இருந்தன. பெல்ட்டைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"ஒடம்புக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு போலிருக்குங்க சார். யாரும் வரப்போறதில்ல, நாம எதுக்கு எளைக்கணும்னு நெனைக்குதோ என்னமோ."

அந்த வாரம் ஒரு விடியற்காலையில், முதல் வண்டிக்கு முன்னால் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். சொர்ணாம்பாள் மாவுத் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இளையபெருமாள் நீளக் கட்டைத் துடுப்பால் அடுப்பிலிருந்து ரொட்டிகளை இழுத்து வெளியே போட்டார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். முனையை உடைத்தார். ஆவி வந்தது. அதை முகர்ந்தபடியே, எடை இறங்காத கதையை என்னிடம் மறுபடி ஆரம்பித்தார். கூழும் கீரையுமாக எத்தனை மாதம் கிடப்பது என்றார். பேச்சு ஒரு மாதிரி குழறியது.

"பெருமாளு, வாயில என்ன?" என்றார் சொர்ணாம்பாள்.

"ஒண்ணுமில்லியே" என்றார் தம்பி, வாய் நிறைய.

"ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒண்ணை ஒடைக்கிற. நானும் நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தெரிஞ்சு திங்கிறியா, தெரியாம திங்கிறியா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். முனை இல்லாத ரொட்டி. அதை யார் உடைத்தது என்று அவருக்கே தெரியாதது போலத்தான் இருந்தது அந்த முகம். இப்படி ஒரு திகைப்பை நடித்துக் காட்ட முடியாது. துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினார்.

"புள்ளை பட்டாளத்து அடுப்படி வாசல்ல வந்து நிக்கும். மொத ரொட்டில முனையை ஒடச்சுக் கையில குடுத்தாத்தான் வூட்டுக்குப் போவும். கை இன்னும் ஒடைக்குது. குடுக்க ஆளில்ல. வாய்க்குப் போயிடுது போலருக்கு."

சொர்ணாம்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, "இனிமே இங்க குடு" என்றார்.

அன்றிலிருந்து உடைத்த முனை அக்காளுக்குப் போயிற்று. உடைப்பதை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பட்டினி கிடப்பதை மட்டும் அக்காள் தடுத்துவிட்டார். மத்தியானம் மீனும் சோறும் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட வேண்டும் என்று உத்தரவு. ஆற்றங்கரை நடை உடம்புக்குப் பழகி உறைக்காமல் போய்விட்டது என்று இளையபெருமாளே கண்டுகொண்டு, மாவு மூட்டைகளைத் தாமே தூக்க ஆரம்பித்தார். வாடிக்கை வீடுகளுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ரொட்டிக் கூடையும் அவர் தோளுக்கு வந்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு மூன்று ஞாயிறுகள் வந்து அதே எடையைக் கேட்டுக்கொண்டு போனார். பிறகு ஒரு ஞாயிறு, பழைய கோட்டில் குண்டை வைத்தால் கம்பி ஒரு பக்கம் தாழ்ந்தது. சந்தேகத்தோடு பின்னால் நகர்த்தினேன். நூற்று எண்பத்தைந்து. சொன்னேன். இளையபெருமாள் கண்ணைத் திறக்கவில்லை. மேடையைவிட்டு இறங்கவும் இல்லை. "இன்னொருவாட்டி சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன்.

அப்புறம் அது மெதுவாக, ஆனால் ஏமாற்றாமல், இறங்கியது. மறுபக்கம் சொர்ணாம்பாள் தன் ரவிக்கை பிடிக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சித்திரை பிறந்தபோது இளையபெருமாள் நூற்று அறுபத்துநாலு ராத்தல். தாடை எலும்பு தெரிந்தது. எடை பார்த்த பிறகும் போகாமல் என் மேஜையோரம் உட்கார்ந்து, எனக்குப் புரியாத சொற்களை முணுமுணுப்பார். மகள் பேசும் பாஷை. பாதி மறந்துவிட்டது, தப்பாகச் சொன்னால் சிரிக்கும் என்பார். சிரித்தால் நல்லதுதானே என்றேன். "சிரிச்சா போதுமுங்க" என்றார்.

போன வைகாசியில் அவள் வந்தாள். கப்பல் சென்னைக்கு வந்தது. மரைக்காயரின் மருமகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்துகொண்டிருந்தார். அவர்களோடு சேர்த்து அவளையும் அங்கே ரயிலேற்றினார்கள். இளையபெருமாள் வண்டி வருவதற்கு வெகு முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்து, புதிதாகத் தைத்த சட்டையில் கசங்கல் விழுமென்று உட்காராமலே நின்றார். முணுமுணுப்பு நிற்கவில்லை.

பேரளம் வண்டி வந்து நின்றது. திருநள்ளாற்றிலேயே பெரும் கூட்டம் இறங்கியிருந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து மருமகனின் குழந்தைகள் குதித்தன. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினாள். கழுத்துவரை மூடிய நீண்ட அங்கி, கையில் பிரம்புப் பெட்டி. இருபது வயது தாண்டியவள், நல்ல உயரம். பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஒரே பக்கம் பார்த்தாள்.

இளையபெருமாள் நான்கடி முன்னால் போனார். மனனம் செய்த சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சட்டென்று அவர் முழங்காலை மடக்கிப் பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்தார். தத்தித் தத்தி ஓடிவருகிற சின்னக் குழந்தையை வாரிக்கொள்ள உட்கார்வோமே, அப்படி. இரண்டு கைகளும் அகல நீண்டிருந்தன. இறங்கியவர்கள் விலகி நடந்தார்கள்.

அவள் மேலிருந்து அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள். அங்கியை இரு கைகளாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நேரெதிரே, அவர் உயரத்துக்கு, தானும் குந்தி உட்கார்ந்தாள்.