ஓட்டுநர் நீங்கலாக

கங்காதரன் எங்கள் குடியிருப்பின் கேட்டுக்குள் முதன்முதலாக வேனைக் கொண்டுவந்தது 2016 ஏப்ரல் 9, சனிக்கிழமை, காலை 5.42 மணிக்கு. பின்புறமாகவே ஓட்டி வந்தார். இடப்பக்கச் சுவருக்கும் வண்டிக்கும் நான்கு விரல் இடைவெளி, வலப்பக்கம் மூன்று. காவலாளி வலியுல்லா "வா, வா, வா" என்று கையாட்டிக்கொண்டே இருந்தார். கங்காதரன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கோட்டூர்புரத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்புக்கு அன்று முதல் வேன் என்றால் அவருடைய பதின்மூன்று இருக்கை டெம்போ டிராவலர்தான்.

குடியிருப்போர் சங்கத்தின் பயண நோட்டு என்னிடம் இருக்கிறது. தேதி, புறப்பட்ட நேரம், போன இடம், திரும்பிய நேரம், ஆட்கள் எத்தனை (ஓட்டுநர் நீங்கலாக), வாந்தி எடுத்தவர்கள், குறிப்பு என்று ஏழு கட்டங்கள். கங்காதரனைப் பற்றி நான் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த நோட்டிலிருந்து வருகிறது. நோட்டில் இல்லாததை யார் சொன்னார்கள் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆற்றை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மனைவி அங்காளம்மாள், மகள் அனு ஆகியோருடன் இருக்கிறார். அங்காளம்மாள் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். அனு இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு போகிறாள். கங்காதரன் குடிப்பதில்லை, ஹாரன் அடிப்பதில்லை, ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை. மூன்று முறை சீக்கிரமாக வந்திருக்கிறார்.

குழந்தைகளோடு ஓர் இரவு தங்கி விளையாடிவிட்டு வர எங்கள் குடியிருப்புக்காரர்களுக்கு எப்போதும் இரண்டே இடங்கள். ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மயில்தீவு. மற்றது, செங்கல்பட்டு தாண்டி இருக்கும் ஜிகினா வேர்ல்டு. இரண்டிலும் ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்கு, செயற்கை அலை, தங்கும் அறைகள் எல்லாம் உண்டு. எதற்குப் போவது என்று வாட்ஸாப் குழுவில் ஒரு வாரம் சண்டை நடக்கும். படங்கள் போடுவார்கள், இணையத்தில் போட்ட நட்சத்திரங்களை எண்ணுவார்கள். கடைசியில் யாராவது "கங்காதரனைக் கேளுங்களேன், போய்ப் போய் வந்தவர்" என்பார்கள்.

கங்காதரனின் பதில் எல்லா ஆண்டும் ஒன்றுதான்.

"மயில்தீவுக்கே போயிடுங்க சார். ஃபுட்டு சூப்பரா கீது. ஜிகினாவுல தண்ணி சரியில்ல. கொயந்தைங்களுக்கு ஆவாது."

அவ்வளவுதான், சண்டை முடிந்துவிடும். 2016 முதல் மொத்தம் பதினான்கு பயணங்கள். அதில் மயில்தீவு பன்னிரண்டு, ஜிகினா இரண்டு.

என் நோட்டில் ஒரு முரண்பாடு இருந்தது. மயில்தீவு போய்த் திரும்பியவர்களில் பெரும்பாலோர் "சாப்பாடு சுமார்" என்றே சொன்னார்கள். இரண்டாம் மாடி ஸ்வர்ணலதா "பன்னீர் என்று சொல்லி ரப்பரைப் போட்டார்கள்" என்று எழுதச் சொன்னார், எழுதினேன். சாப்பாடு பிரமாதம் என்று சொன்ன ஒரே ஆள் கங்காதரன்.

2018 மே மாதம் விடை கிடைத்தது. மயில்தீவில் கழிப்பறை தேடி வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே நீளமான ஒரு கொட்டகை. ஓட்டுநர்களுக்கு மட்டும் என்று பலகை. உள்ளே எட்டுக் கட்டில்கள், நான்கு மின்விசிறிகள், ஒரு கேரம் போர்டு. வாழையிலையில் பிரியாணி, இரண்டாம் முறையும் போட்டார்கள். கங்காதரன் மூன்றாவது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி "உப்பு கரெக்ட்டா கீது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு கங்காதரனைக் கேட்காமலேயே சங்கம் ஜிகினாவை முடிவு செய்தது. நான் ஒப்பீட்டுக்காக அங்கும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு மூன்று கால். கங்காதரன் வேனின் நிழலில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பூங்காக்களின் வாசலையும் அவர் தாண்டியதே இல்லை என்பது இதிலிருந்து எனக்குப் புரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2025 மே 14, புதன்கிழமை, அங்காளம்மாள் தைத்த புடவைகளைக் கொடுக்க வந்தார். அவருடைய தம்பி பாலகணேஷ் தி. நகரில் துணிக்கடை விற்பனையாளன். அவன் இரண்டு நாள் லீவு வாங்கிவிட்டானாம். வருகிற சனி, ஞாயிறில்லை, அதற்கடுத்த சனி, ஞாயிறு குடும்பத்தோடு போகப்போகிறார்களாம். இத்தனை ஆண்டுகளாக ஊரையெல்லாம் கூட்டிப்போன அப்பாவின் வண்டியில் அனு முதன்முறையாக விளையாடப் போகிறாள்.

"உங்க நோட்டுல ரெண்டு எடமும் கீதாமே சார். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"கங்காதரனே சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு. மயில்தீவாம். யோசிக்கவே வாணாமாம். அதான் உங்களக் கேக்கறேன்."

நோட்டை எடுத்து, இரண்டு இடங்களைப் பற்றியும் எழுதியிருந்ததை வரிசையாகப் படித்தேன். சறுக்கின் உயரம், அறையின் அளவு, பன்னீர். அவர் புடவையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் மடிப்பது நின்றது.

"டிரைவருங்களுக்குக் கட்டிலு எத்தினி சார்?"

"மயில்தீவில் எட்டு."

"ஃபேனு?"

"நான்கு."

"ஜிகினாவுல?"

"கட்டில் இல்லை. நாற்காலி ஒன்று. கால் மூன்று."

அங்காளம்மாள் சிரித்தார். "அப்ப ஜிகினாதான் சார்."

காரணத்தையும் அவரே சொன்னார். "வண்டலூருக்குப் போனோம். புலியைப் பாத்தோம், கொரங்கைப் பாத்தோம், இந்த ஆளை மட்டும் பாக்கல. பார்க்கிங்ல தூங்கிக்கினு இருந்தாரு. அனுவுக்குக் காது குத்துறப்ப என் தம்பி மடியில கொயந்த கத்துது. இவரு வெளிய வண்டிக்கு நெயலு தேடிக்கினு இருந்தாரு. வெள்ளத்தப்போ மொதல்ல வண்டிய மேட்டுல ஏத்திட்டு அப்பறம்தான் சார் எங்களுக்கு வந்தாரு. நாங்க மூணு பேரும் சேந்து நிக்கிற மாதிரி வூட்ல ஒரு போட்டோ கெடையாது. இந்த ஒரு வாட்டி எங்ககூட உள்ள வரட்டும். குந்த எடமில்லன்னா வந்துதான ஆவணும்?"

மறுநாள் காலை 6.10க்குக் கங்காதரன் என் வீட்டு மணியை அடித்தார்.

"அவகிட்ட இன்னா சார் சொன்னீங்க?"

"நோட்டில் இருப்பதைப் படித்தேன்."

"கட்டிலக்கூடவா சார் எழுதி வெப்பீங்க?"

"இருந்தது, எழுதினேன்."

கங்காதரன் குரலைத் தாழ்த்தினார். "ஜிகினாவுல தண்ணி பட்டு சிரங்கு வந்துச்சுன்னு ஒரு வரி சேத்துக்கங்க சார். நீங்க சொன்னா கேப்பா."

"யாருக்கு வந்தது?"

"யாருக்காவது வந்திருக்கும் சார்."

"பெயர், வயது, தேதி வேண்டும்."

"ஒரு சிரங்குக்கு இத்தினி பேஜாரா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

மே 24, சனிக்கிழமை, காலை 6.35. போகும் வழியில் வேன் எங்கள் கேட்டில் நின்றது. சங்கத்தின் பயணம் அல்ல. இருந்தாலும் நோட்டோடு இறங்கிப் போனேன்.

"ஆட்கள் எத்தனை?"

"மூணு சார்" என்றார் கங்காதரன்.

"நாலு" என்று ஜன்னலிலிருந்து அங்காளம்மாளின் குரல் வந்தது.

"கட்டத்தின் தலைப்பு 'ஓட்டுநர் நீங்கலாக' அம்மா. மூன்றுதான் சரி."

"அப்ப தலைப்ப மாத்துங்க சார்."

நோட்டு முடியும் வரை தலைப்பை மாற்றும் வழக்கம் இல்லை என்றேன். பாலகணேஷ் பின் இருக்கையிலிருந்து "அக்கா, உடு. மாமாவே உள்ள வர்றாரான்னு பாப்போம்" என்றான். மூன்று என்று எழுதினேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கங்காதரன், பாலகணேஷ், அனு ஆகிய மூவரையும் தனித்தனியாக விசாரித்து, மூன்றும் ஒத்துப்போவதை எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்றே ஒன்று. அது வரும்போது சொல்கிறேன்.

8.50க்கு ஜிகினா போய்ச் சேர்ந்தார்கள். தகரக் கூரை இருந்த இடத்தில் தகரக் கூரை இல்லை. வெள்ளையடித்த புதுக் கட்டடம். உள்ளே பன்னிரண்டு கட்டில்கள், ஏசி, சுவரில் பெரிய டிவி, மேசைமேல் கேரம் போர்டு. என் குறிப்பு 2019ஆம் ஆண்டுக்குரியது. அதை அங்காளம்மாளிடம் சொல்லாமல் விட்டது என் பிழை. அது பிழைதான் என்று நோட்டிலும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் நின்று கையசைத்தவர் ஊரூர் ஒல்காட் குப்பத்து வேன்காரர் ஆரோக்கியராஜ். "கங்கா, வா நைனா. புச்சா கட்டிக்கீறானுங்க. மத்தியானம் மட்டனாம்."

கங்காதரன் முகத்தில் வெளிச்சம் வந்ததாக அனு சொல்கிறாள். பிறகு குடும்பத்தின் பக்கம் திரும்பி, "நீங்க போய்க்கினே இருங்க. வண்டிய நெயல்ல போட்டுட்டுப் பின்னாலயே வந்துர்றேன்" என்றார்.

டிக்கெட் வரிசையில் நின்றிருந்த அங்காளம்மாள் வெளியே வந்தார். எலுமிச்சைச் சாதக் கூடையை ஒரு கையிலும் அனுவை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டுநர் ஓய்வறைக்குள் போய், காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்தார்.

"இங்கயே இருப்போம். நல்லாதான கீது, ஏசி வேற."

லுங்கியோடு படுத்திருந்த ஒருவர் சட்டையைத் தேடி எழுந்தார். யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அனு போய்க் கேரம் போர்டில் காய் அடுக்கினாள். பாலகணேஷ் எதிரே உட்கார்ந்தான்.

ஆரோக்கியராஜ் நெளிந்தார். "அக்கா, நீங்க உள்ள போயி ராட்டினம் கீட்டினம்..."

"ஏண்ணா, நீங்கல்லாம் வருஷம் பூரா இங்கதான டூர் வர்றீங்க? நாங்க ஒரு நாளு வந்தா ஆவாதா? உங்க வூட்ல அக்கா எங்க, உள்ள கீறாங்களா?"

"அவ வூட்ல கீறா."

"அய்யோ பாவம். அவங்களுக்கும் ஒரு கட்டிலு பிடிச்சு வெச்சிருக்கலாம்ல."

ஒருவர் சிரித்துவிட்டு, ஆரோக்கியராஜ் பார்த்ததும் இருமினார்.

கங்காதரன் வாசலிலேயே நின்றார். எவ்வளவு நேரம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. இரண்டு நிமிடம் என்கிறார் அவர். அரை மணி என்கிறான் பாலகணேஷ். ஒரு போர்டு ஆடி முடித்ததாக அனு சொல்கிறாள்; மாமாவை ஜெயித்தாளாம். அனுவின் கணக்கைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதால் வலியுல்லாவோடு ஒரு போர்டு ஆடிப் பார்த்தேன். பதினான்கு நிமிடம். அதையே எழுதியிருக்கிறேன்.

பதினான்காவது நிமிடத்தில் கங்காதரன் வேனின் சாவியை எடுத்து ஆரோக்கியராஜ் கையில் வைத்தார். ஒன்பது ஆண்டுகளில் அந்தச் சாவி வேறொருவர் கைக்குப் போனதாக நோட்டில் பதிவே இல்லை.

"வெய்யில் திரும்பினா எடுத்து அந்தாண்ட போடு. ரிவர்ஸ்ல கிளட்ச் லேசா ஒதறும், பயந்துக்காத."

பிறகு மனைவியிடம், "ஏந்திரு, போலாம்" என்றார்.

"எங்க?"

"உள்ளதான்."

"மட்டன்னு சொன்னாங்களே."

"வான்றேன்ல, அங்காளு."

மாலையில் ராட்டினத்தில் ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் கடல்வரை தெரியுமா என்று அனு தேடினாள். கங்காதரன் நேர்க் கீழே பார்த்தார். அங்கே ஆரோக்கியராஜ் வெயிலுக்காக வேனை நகர்த்திக்கொண்டிருந்தார். "டேய், லெஃப்ட்டு ஒடிடா, மரம், மரம்" என்று கங்காதரன் அங்கிருந்தே கத்தினார். ஆரோக்கியராஜுக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் லெஃப்ட்டுதான் ஒடித்தாராம். ராட்டினத்தில் முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் பூங்காவின் புகைப்படக்காரர் எடுத்த படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அங்காளம்மாளும் அனுவும் கேமராவைப் பார்க்கிறார்கள். கங்காதரன் வாயைத் திறந்து பார்க்கிங்கைப் பார்க்கிறார். படத்தில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம் என்று அங்காளம்மாள் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மாலை 7.20க்கு வேன் எங்கள் கேட்டில் நின்றது. கங்காதரன் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். உள்ள போறவங்களுக்குப் பிரியாணியே கெடையாது சார். பன்னீர்னு ஒண்ணு போடறான், கடிச்சா திரும்பி வருது. மயில்தீவுலயும் இதே கததான்னு ஸ்வர்ணலதாம்மா சொன்னதா அங்காளு சொல்றா. இத்தினி வருஷமா உங்களுக்கெல்லாம் ஃபுட்டு சூப்பர்னு சொல்லிக்கினு இருந்தேனே சார்."

"2016லிருந்து குறித்து வைத்திருக்கிறேன்" என்றேன்.

"சொல்லிருக்கலாம்ல?"

"நீங்கள் கேட்கவில்லை."

நோட்டைத் திறந்தேன். திரும்பிய நேரம் எழுதினேன். வழக்கம்போல, "வாந்தி எடுத்தவர்கள்?" என்று கேட்டேன்.

வேனுக்குள் இருந்தவர்கள் கங்காதரனைப் பார்த்தார்கள். பிறகு அனு, "சுத்துற டீ கப்புல ஏறினோம் சார். நைனா மட்டும்தான்" என்றாள்.

"ரெண்டு வாட்டி" என்றான் பாலகணேஷ்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஆட்கள் கட்டத்தில் மூன்று பேர். அந்த மூவரில் யாரும் வாந்தி எடுக்கவில்லை. வாந்திக் கட்டத்தில் ஒருவர். அவரோ ஆட்கள் கட்டத்தில் இல்லை. எண்ணிக்கையிலேயே இல்லாத ஒருவர் வாந்தி எடுத்ததாக எழுதினால் நோட்டு பொய்யாகிவிடும். கேட்டின் விளக்கடியில் நின்று இருமுறை படித்துப் பார்த்தேன். வேறு வழி தெரியவில்லை.

மூன்றை அடித்து நான்கு என்று திருத்தினேன். கட்டத்தின் தலைப்பில் "ஓட்டுநர் நீங்கலாக" என்ற இரு சொற்களையும் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வைத்தேன். அங்காளம்மாள் ஜன்னல் வழியாக எட்டி, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.